காசு வைக்கக் குனிவதும் குனிவுதான்

காஜாங்கில் திறக்கப்போகும் புதுக் கிளையின் கவுண்டருக்கு வரும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடு என்று மேனேஜர் அக்கா சொன்னார். இப்படி எழுதுபவர்கள் வழக்கமாக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். நான் நம் பிரிக்பீல்ட்ஸ் கோல்ஃப் கடையில் ஆறு வருடம்தான் நின்றிருக்கிறேன். ஆனால் குனிய முடியாத கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கான சாமான்கள் இருக்கும் அந்த மூலை அலமாரியை, அது வந்த நாளிலிருந்து பார்த்துக்கொள்பவன் நான் ஒருவன்தான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எந்தப் பொருள் எந்த அளவில் வரும், எதற்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் கேட்டலாக்கில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதை மனப்பாடம் செய்தேன். என் அப்பா லோரியில் மூட்டை ஏற்றி இறக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளியை முழுதாக முடித்து டிப்ளோமாவரை போனது நான்தான். அதனால் எதையும் படித்துத் தெரிந்துகொண்டுவிடலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கோல்ஃப் விதிப் புத்தகத்தையும் படித்தேன். ஆனால் அதுவரை ஒரு தடவைகூட கோல்ஃப் ஆடியதில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு அடி வாங்கினேன். நண்பர்கள் இருவரோடு ஒருவர் கடைக்கு வந்தார். முதுகை நிமிர்த்தாமல் நடந்தார். நான் ஓடிப்போய், “அங்கிள், வயசானவங்களுக்கு ஈசியா இருக்கும், இந்தக் கோலைப் பாருங்க” என்றேன். நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “தம்பி, எனக்கு நாப்பத்தேழு. பேட்மின்டன் ஆடி முதுகு புடிச்சிருக்கு. உங்க அப்பாவுக்கு வாங்கிக் குடு லா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்த அலமாரிச் சாமான்களை விற்கும்போது வயதைப் பற்றிப் பேசியதே இல்லை. நீங்களும் பேச வேண்டாம்.

அது சின்ன அடி. உண்மையில் நான் சொல்ல வந்தது லோகா சிஸ்டரின் இடுப்பைப் பற்றி.

அவர் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறவர். முதல் தடவை கடைக்கு வந்தபோது “ஆன்டி” என்றேன். “ஆன்டி கீன்டி வேணாம். முப்பது வருஷம் எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிட்டாங்க, நீயும் அப்படியே கூப்பிடு” என்றார். வலது இடுப்பு மூட்டை மாற்றி அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஆறாவது வாரம், தரையில் விழுந்த டீவி ரிமோட்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். புது மூட்டு குழியிலிருந்து கழன்று வெளியே வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வைத்துக் கொண்டுபோய், மயக்க மருந்து கொடுத்து, திரும்ப உள்ளே தள்ளினார்கள்.

“டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? இன்னொரு தரம் கழண்டா மறுபடி அறுக்கணும், அதோட கோல்ஃபை மறந்துடுங்கன்னாரு. நான் எத்தனை பேஷன்ட்டுக்கு இதையே சொல்லியிருப்பேன்! இப்ப எனக்கு ஒருத்தர் சொல்லுறாரு.”

“டாக்டர் ஆட விட்டுட்டாரா சிஸ்டர்?”

“ஆடலாம், நடக்கலாம், சுத்தலாம். குனியக்கூடாது. அவ்வளவுதான். அதுக்குத்தானே உன் கடைக்கு வந்தேன்.”

நான் கேட்டலாக்கில் இருந்ததை வைத்துத்தான் யோசித்தேன். ஒரு ஆட்டத்தில் பதினெட்டு ஹோல், அதாவது குழிகள்; ஒவ்வொன்றின் முதல் அடிக்கும் பந்தை ஒரு சிறு ஆணி மேல் வைப்பார்கள், அதற்கு டீ என்று பெயர். அதைத் தரையில் ஊன்றக் குனிய வேண்டும். அதற்கு இடுப்பு உயரக் கோல் இருக்கிறது. அடியில் தாடை, மேலே விசை. தாடை டீயையும் பந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஊன்றியதும் விடும். கடைசியில், கிரீன் எனப்படும் வழவழப்பான புல்தரையில், குழிக்குள் விழுந்த பந்தை எடுக்கக் குனிய வேண்டும். அதற்கு ரப்பர் கிண்ணம். கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் என்ற மட்டையின் பிடி நுனியில் அதை மாட்டி, மட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பந்தின் மேல் அழுத்தினால் பந்து ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டையும் கடையிலேயே பழகிக் காட்டினேன். வீட்டு ஹாலில் கார்ப்பெட் விரித்து ஒரு மாதம் பழகினார். அப்புறம் ஒரு நாள் போன் செய்தார். “சனிக்கிழமை ஒன்பதரைக்கு எங்க கிளப் லேடீஸ் போட்டி. பேர் குடுத்துட்டேன்” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமை கடையில் நான் மட்டும் இருந்தேன். அக்கா பினாங்குக்குப் போயிருந்தார். தள்ளுபடி நாள் என்பதால் எங்களுக்கெல்லாம் வட்டக் கழுத்துச் சிவப்பு டீ-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில், புது பட்டர் பார்க்க ஒருவர் வந்தார். நம் கடையின் பச்சைக் கார்ப்பெட்டில் இரண்டு பந்தைப் போட்டு அடித்துப் பார்த்தார். இரண்டாவது பந்து போகும் வழியில் முதல் பந்து கிடந்தது. அவர் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து ஐம்பது காசு நாணயத்தை எடுத்தார், குனிந்தார், பந்துக்குப் பின்னால் வைத்தார், பந்தை எடுத்தார், நிமிர்ந்தார்.

அந்தக் குனிவை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

கிரீனில் உங்கள் பந்து இன்னொருவர் வழியில் கிடந்தால், அது இருந்த இடத்தில் ஒரு நாணயத்தையோ தட்டையான வில்லையையோ வைத்துவிட்டுத்தான் பந்தை எடுக்க வேண்டும். வைக்காமல் எடுத்தால் தண்டனை. விதிப் புத்தகத்தில் இதை நான் படித்திருந்தேன். ஆனால் சிஸ்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தபோது நினைவுக்கு வரவில்லை. ரப்பர் கிண்ணம் பந்தை எடுக்கும், நாணயத்தை வைக்காது. சிஸ்டரும் அதைக் கேட்கவில்லை. வீட்டு ஹாலில் தனியாக அடித்தவருக்கு யார் வழியிலும் பந்து கிடக்கவில்லை. இருபது வருடம் ஆடியவர்களுக்குக் காசு வைப்பது ஒரு தனி வேலையாகவே தெரியாது.

மணி பத்தேகால். சிஸ்டர் ஆட்டத்தைத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் போன் அணைந்திருந்தது. போட்டி நாளில் போனைக் காரிலேயே வைத்துவிடுவார்கள். கிளப் வரவேற்புக்கு அடித்தேன்.

“லோகா சிஸ்டர்கிட்ட அவசரமா ஒண்ணு சொல்லணும். குனிய வேணாம்னு சொல்லுங்க.”

“யாரு குனிய வேணாம்?”

“அவங்கதான். காசு வைக்கக் குனியக்கூடாது.”

“ஹலோ, காலங்காத்தால என்ன விளையாட்டா?” என்று அந்தப் பெண் வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. தப்பு அவர் மேல் இல்லை. பதற்றத்தில் யார் பேசுகிறேன், என்ன ஆபத்து என்று சொல்லாமல், எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும் என்பதுபோலப் பேசினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அடித்தேன். நடந்ததைச் சொல்லி, கடையை மூடிவிட்டுப் போகிறேன் என்றேன்.

“சனிக்கிழமை கடையை மூடறியா? பைத்தியமா உனக்கு?”

“அக்கா, கழண்டுடுச்சுன்னா?”

“சரி, போய் என்ன பண்ணுவ? குனியாதீங்கன்னு சொல்லுவ. அப்புறம் அவங்க எப்படி ஆடுறது? கையில என்ன கொண்டு போற?” என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. நின்றபடியே குறி வைக்கும் சாமான் எங்கோ விற்கிறார்கள், நம்மிடம் இல்லை. மலாக்காவரை தேடினாலும் அன்றைக்குக் கிடைக்காது. பட்டர் பார்க்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, வெளியே அனுப்பிவிட்டு, கீழ்த்தளத்து ஹார்ட்வேர் கடைக்கு இறங்கினேன். மின்கம்பி இழுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. இடுப்பு உயரத்துக்கு ஒரு துண்டு அறுக்கச் சொன்னேன்.

“என்ன பாஸ், கொடி ஊண்டப் போறியா?” என்றார் கடைக்காரர்.

தொப்பியில் மாட்டும் காந்தக் கிளிப் நம் கடையில் விற்கிறோமே, அதோடு ஒரு இரும்பு வில்லை வரும். அதுதான் குறி. குழாயின் அடி முனையைப் பந்துக்குப் பின்னால் நிறுத்தி, மேலே இருந்து வில்லையைப் போட்டால் அது வைத்த இடத்தில் விழும். கிளிப்பை மேல் முனையில் டேப் போட்டு ஒட்டினேன். குழாயைத் திருப்பிப் பிடித்தால் காந்தம் வில்லையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பந்தைத் திரும்ப வைக்க டீ ஊன்றும் கோலின் தாடை இருக்கிறது. கார்ப்பெட்டில் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை சரியாக விழுந்தது. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

குழாயை மோட்டார்சைக்கிளின் ஓரத்தில் கட்டிக்கொண்டு ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் பாதையில் போனேன். வேகமாகப் போகவில்லை. வேகமாகப் போய் விழுந்தால் கழன்ற இடுப்பு இரண்டாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

கிளப் வாசலில் மார்ஷல் நிறுத்தினார். ஆட்டம் தாமதமாகாமல் பார்த்துக்கொள்ள பக்கியில், அதாவது அந்தச் சின்ன மின்வண்டியில், திடலைச் சுற்றி வருபவர் அவர். நம்மவர்தான். இந்த முறை நிதானமாகச் சொன்னேன்: நான் இன்ன கடை, அவருக்கு இன்ன அறுவை சிகிச்சை, நான் செய்த தப்பு இது, குனிந்தால் இது ஆகும். முழுதாகக் கேட்டுவிட்டு அவர் என் கழுத்தைப் பார்த்தார்.

“எல்லாம் சரி தம்பி. காலர் இல்லாத சட்டையோட திடலுக்குள்ள விட முடியாது லா.”

“அண்ணே, ஒரு ஆளோட இடுப்பு…”

“இடுப்பு புரியுது. ரூல் ரூல்தான்.” பக்கியின் பின்னால் கைவிட்டுத் தன் மஞ்சள் ரெயின்கோட்டை எடுத்து என்மேல் போட்டார். “இதுல காலர் இருக்கு. பட்டனைப் போடு, ஏறு.”

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஏழாவது கிரீனில் அவர்களைக் கண்டோம். நான்கு பெண்கள். பக்கியை மரத்தடியில் நிறுத்தினார் மார்ஷல். “அந்தப் பக்கம் பதினாறாவது கிரீன்ல ஒருத்தர் அடிக்கப் போறாரு. அடிச்சு முடியறவரைக்கும் மூச்சுக்கூட விடாத” என்று காதில் சொன்னார். கோல்ஃபில் பெரிய மரியாதை இதுதான். ஒருவர் அடிக்க நிற்கும்போது மற்றவர்கள் பேசுவதில்லை, நகர்வதில்லை.

அப்போது சிஸ்டரின் கூட்டாளி, பருமனான ஒரு ரிட்டையர்டு டீச்சர், “லோகா, என் லைன்ல கிடக்கு, மார்க் பண்ணிடு” என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. சிஸ்டர் பாக்கெட்டில் கைவிட்டார். இடது கையால் பட்டரை ஊன்றினார். நாணயம் வலது கையில். முழங்கால் மடங்கத் தொடங்கியது.

பதினாறாவது கிரீனில் அந்த மனிதர் மட்டையைப் பின்னால் இழுத்துவிட்டார். அவர் அடித்து முடிக்க இரண்டு வினாடி போதும். ஆனால் சிஸ்டர் குனிந்து முடிக்கவும் அதே இரண்டு வினாடிதான்.

“சிஸ்டர், குனியாதீங்க!”

நான் இவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. மரத்திலிருந்து மைனாக்கள் பறந்தன. பக்கத்துக் கிரீன் மனிதரின் பந்து குழியைத் தாண்டி ஓரத்து மணல் பள்ளத்துக்குள் ஓடியது. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு எழுத்திலேயே புகார் கொடுத்தார். நம் கடை ஆட்கள் மூன்று மாதம் அந்தக் கிளப்புக்குள் போக முடியவில்லை.

சிஸ்டர் பாதி மடிந்த முழங்காலோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

“யாரது, ரெயின்கோட்டு? நீயா? ஏன்டா கத்தற? இது என்ன பாசார் சந்தையா?”

“நிமிருங்க சிஸ்டர். மெதுவா. குனியக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே.”

“நான் எங்கடா குனிஞ்சேன்?”

“இப்ப குனியப் போனீங்க.”

கையிலிருந்த நாணயத்தைப் பார்த்தார். “இதுவா? காசு வைக்கறதெல்லாம் குனியறதுல சேத்தியா?”

அவரே மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்ததை முகத்தில் பார்க்க முடிந்தது. வைக்க ஒன்று, பந்தைத் திரும்ப வைத்த பிறகு காசை எடுக்க ஒன்று.

“நாலு ஹோல்ல வெச்சேன்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “எட்டு தரம்.”

“நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றார் டீச்சர். “டீ ஊண்டப் போனப்ப எல்லாம் குனியாதே குனியாதேன்னேன். இது கண்ணுலயே படலியே!”

சிஸ்டர் பட்டரைப் பிடித்தபடி நேராக நின்றார். பாதம் வெளிப்பக்கமோ உள்பக்கமோ திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார். காலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். வார்டில் அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்தார். “இருக்கு. இடத்துலதான் இருக்கு” என்றார்.

நான் குழாயை நீட்டி, எப்படி என்று சொன்னேன். பந்துக்குப் பின்னால் நிறுத்தி வில்லையைப் போட்டார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. என் வியர்வையா, குழாயின் ஈரமா, தெரியவில்லை. “என்ன லா, ஜாம் ஆயிடுச்சா?” என்று டீச்சர் குழாயை ஒரு தட்டு தட்டினார். வில்லை விழுந்தது. ரப்பர் கிண்ணத்தால் பந்தை எடுத்தார் சிஸ்டர்.

“இதெல்லாம் போட்டியில செல்லுமா?” என்று நால்வரில் ஒருவர் கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விற்பவனுக்கு வாயில் முதலில் வருவது “செல்லும், கவலையே வேணாம்” என்பதுதான். காலையில் அப்படி ஒரு தைரியத்தோடு இருந்தவன்தான் நான். “எனக்குத் தெரியாது. புத்தகத்துல இந்தக் குழாயைப் பத்திப் படிச்ச ஞாபகம் இல்ல” என்றேன். கமிட்டியிடம் கேட்டுச் சொல்வதாக மார்ஷல் சொன்னார்.

சிஸ்டர் ஸ்கோர் கார்டை எடுத்து டீச்சரிடம் கொடுத்தார். “என் கார்டு வேணாம். இன்னிக்கி நான் போட்டியில இல்ல. ஒன்பதாவது வரைக்கும் குழாயை வெச்சு ஆடிட்டு வீட்டுக்குப் போறேன். நாளைக்கழிச்சு எக்ஸ்ரே.” பிறகு என்னிடம், “நான் கேக்கல, நீயும் சொல்லல. ரெண்டு பேருக்கும் இதுல பாதி பாதி” என்றார்.

பாதி பாதி இல்லை. அவருக்கு அது பழக்கம், எனக்கு அதுதான் வேலை. ஒரு மனிதர் ஒரு ஹோல் முழுக்க என்னென்ன செய்கிறார் என்று கூடவே நடந்து பார்க்காமல், நம்மிடம் இருக்கும் இரண்டு சாமானுக்கு ஏற்ற இரண்டு குனிவுகளை மட்டும் பார்த்தேன். அதனால்தான் உங்களை முதல் வாரமே திடலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இடுப்பில் பெல்ட் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனியாமல் ஒரு ஹோல் ஆட முயன்று பாருங்கள். எங்கெங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.

திங்கட்கிழமை மாலை சிஸ்டர் கடைக்கு வந்தார். எக்ஸ்ரேயில் மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டாக்டரிடம் எட்டுத் தரத்தையும் சொன்னாராம்; அவர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வார்டு ரிப்போர்ட் எழுதுவதுபோலக் கோடு போட்டு எழுதிய ஒரு தாளை கவுண்டரில் வைத்தார். ஒரு நாள் ஆட்டத்தில் எங்கெல்லாம் குனிகிறோம் என்று டீச்சரோடு உட்கார்ந்து எழுதிய பட்டியல். காரின் பின்பெட்டியிலிருந்து பையை எடுப்பது. உடைந்த டீயைப் பொறுக்குவது. மணலைச் சமன் செய்யும் வாரியை எடுப்பது, திரும்பப் போடுவது. எதுவும் என் மனதில் அதுவரை வந்ததில்லை. முதல் வரியில் ‘ஷூ’ என்று இருந்தது.

“சனிக்கிழமை ஷூவை எப்படிப் போட்டீங்க சிஸ்டர்?”

“குனிஞ்சுதான். வேற எப்படி?” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று அவர் செருப்பில் வந்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு கீழே போய், காரிலிருந்து ஷூவை எடுத்து வந்தேன். எந்தச் சாமானையும் காட்டுவதற்கு முன்னால், ஷூவின் வாயை எவ்வளவு விரிக்க முடியும் என்று பார்க்க விரலை உள்ளே விட்டேன். உள்ளே ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. வெளியே இழுத்து, சுருட்டி வைத்திருந்த ஒரு ஜோடி காலுறைகளைத் தாளின் பக்கத்தில் வைத்தேன்.

சிஸ்டர் அதைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். பிறகு என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, முதல் வரிக்கு மேலே இன்னொரு வரி எழுதினார்.